தலைமாட்டுக்காரர்

ஆளைத் தூக்குவதற்கு ஆள் தேவை என்று எந்த அரசாங்கமும் விளம்பரம் கொடுக்காது. அவருக்கு வந்த வேலை உத்தரவிலும் அவைக்காவலர் என்றுதான் இருந்தது. சபை நடக்கும்போது கதவோரம் நிற்க வேண்டும், அவைத்தலைவர் வரும்போதும் போகும்போதும் வழி ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், கூச்சல் போடுகிற உறுப்பினரை வெளியேற்றச் சொன்னால் வெளியேற்ற வேண்டும். கடைசியில் சொன்ன அந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

வெளியேற்றுவது என்றால் கதவைக் காட்டி அனுப்பிவிடுவது என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுந்து நடந்து போகிற உறுப்பினரை எந்தக் கேமரா படம் எடுக்கும்? அதனால் அவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் மல்லாந்தே படுத்துவிடுவார்கள். தலைப்பக்கம் ஒருவர், இடுப்புக்கு ஒருவர், காலுக்கு இருவர் என்று காவலர்கள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், வாசல் படிக்கட்டில், கேமராக்கள் காத்து நிற்கிற இடமாகப் பார்த்து இறக்கி வைக்க வேண்டும். வழியெல்லாம் ஜனநாயகம் செத்துவிட்டது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார்கள். அது எத்தனை தரம் செத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மறுநாள் அதே ஆட்கள் சபை கேன்டீனில் எதிர்க்கட்சி, ஆளும் கட்சி என்ற பேதமில்லாமல் ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நம் அவைக்காவலர் பிடிப்பது தலைப்பக்கம். இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, தூக்கப்படுகிறவரின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். கதவு நிலையில் தலை இடிக்காமல், படியில் பிடரி படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் தலைமாட்டுக்காரர் என்று பேர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பிணம் தூக்குகிறவரைச் சொல்வதுபோல இருக்கிறது என்று அவர் மனைவி மட்டும் முகத்தைச் சுளிப்பாள். பார்ப்பதற்கு ஆள் பீரோ மாதிரி இருப்பார். ஆனால் வீட்டில் ஒரு கரப்பான் பூச்சியை அடிக்கவும் அவளைத்தான் கூப்பிடுவார்.

மனைவி தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில், ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் மேலே விழுகிற மாதிரி மெஷினைப் போட்டிருந்தாள். பள்ளிச் சீருடை, பிளவுஸ், தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். அவள் தைத்தது பிரிந்துவிட்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர், சண்டை போட விஷயமில்லாமல் டிவி சத்தத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

எதிர்க்கட்சி வரிசையில் முழக்கம் என்று பட்டப்பேர் வாங்கிய ஓர் உறுப்பினர் இருந்தார். அவருக்கு மைக் ஓர் அலங்காரம்தான், குரல் அது இல்லாமலே தெருமுனை வரை கேட்கும். குடிதண்ணீர்க் குழாய் உடைந்ததைச் சொல்ல எழுந்தாலும், இந்தக் குழாயில் ஒழுகுவது தண்ணீர் அல்ல, ஏழைத் தாய்மாரின் கண்ணீர் என்றுதான் ஆரம்பிப்பார். என் உடம்பில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் விடமாட்டார். சபை மருத்துவ அறையில் பரிசோதனைக்காக அவர் விரலில் ஊசி குத்தியபோது, அந்த முதல் சொட்டைப் பார்த்ததுமே கண் செருகிச் சாய்ந்தார். விழாமல் தாங்கிப் பிடித்தவர் நம் தலைமாட்டுக்காரர்தான். அவர் அதை வெளியே மூச்சு விடவில்லை.

அதிலிருந்து முழக்கத்துக்கு அவர்மேல் தனி ஒட்டுதல். வேறு யாராவது தலைப்பக்கம் வந்தால் படுக்கவே மாட்டார், இவர் வருகிறவரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்குவார். தூக்கியதும் இவர் காதருகில், "இடுப்புல இன்னும் அந்தப் பிடிப்பு இருக்கு தம்பி, பாத்து" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் சர்வாதிகாரம் ஒழிக என்பார். தாழ்வாரத்தில் கேமரா இல்லாத வளைவு வரும்போது மகள் நலமா, மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பார். உண்மையாகவே விசாரிப்பார், அதையும் சொல்ல வேண்டும். வளைவு தாண்டியதும் மறுபடி ஒழிக.

முழக்கத்துக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. சட்டை கிழிவதில்லை. படியில் இறங்கும்போது தோள்பட்டையில் சட்டை தொங்கினால் படம் முதல் பக்கத்தில் வரும், ஆனால் நல்ல துணி லேசில் கிழிகிறதா? ஒரு நாள் கேன்டீனில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரி தைப்பாள், கேட்டுப் பார்க்கிறேன் என்று தலைமாட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். வீட்டில் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அளவுச் சட்டையை வாங்கிவரச் சொன்னாள். மற்ற இடமெல்லாம் ஒழுங்காகத் தைத்து, தோளில் கை சேர்கிற இடத்தில் மட்டும் ஒற்றை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுக் கொடுத்தாள். ஒரு இழுப்பில் தோள் முழுவதும் விட்டுக்கொண்டது. துணி சேதமில்லை, திரும்பத் தைத்துக்கொள்ளலாம். முழக்கம் மகிழ்ந்துபோய், அதிலிருந்து இரண்டு இரண்டாகச் சட்டை கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். கிழிகிறதுக்குன்னே தைக்கிற ஒரே தையல்காரி நான்தான் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். அதை மறைத்துவிட்டு அவர்களை வெறும் அப்பாவிகளாகக் காட்டினால் கதை நேர்மையாக இருக்காது.

கடைசியாக அவள் தைத்த ஜோடிச் சட்டையில்தான் வினை வந்தது. முதல் சட்டையை வழக்கம்போல ஒற்றை நூலில் தைத்து மடித்து வைத்தாள். அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் ஒரே மூச்சில் வந்து குவிந்துவிட்டது. முழக்கத்தின் இரண்டாவது சட்டையும் வெள்ளை, சீருடையும் வெள்ளை. பேச்சும் யோசனையும் எங்கோ இருக்க, கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. அந்த இரண்டாவது சட்டையின் தோளையும் சீருடைத் தோளைப் போலவே இரட்டைத் தையலாக, இரும்பு மாதிரி தைத்து வைத்துவிட்டாள். இரண்டும் ஒரே பையில் முழக்கத்தின் வீட்டுக்குப் போயின.

அடுத்த சபைக் கூட்டத்தில் பாலம் இடிந்து விழுந்த விவகாரம் வந்தது. முழக்கம் மேசையைத் தட்டினார், காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார், தரையில் உட்கார்ந்தார். வெளியேற்ற உத்தரவு வந்தது. எல்லாம் வழக்கப்படி நடந்தது. வாசல் கதவை நெருங்கும்போது முழக்கம் தோளைப் பிடித்து இழுத்தார், சட்டை வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார், வரவில்லை. கேமராக்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுதும் பலம் கொடுத்து இழுத்தபோது கை துணியிலிருந்து வழுக்கி, மோதிரத்தோடு அவர் வாயிலேயே வந்து இடித்தது. மேலுதடு பிளந்தது.

"தம்பி, ரத்தம்" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். கண் செருகத் தொடங்கியது. தலைமாட்டுக்காரர் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து உதட்டில் அழுத்தினார். ஒன்றுமில்லை, உதடுதான், பார்க்காதீர்கள் என்று காதில் சொன்னார். அந்த நொடியில்தான் கேமராக்கள் பளிச்சிட்டன.

படத்தை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்திருந்தால் அதைத்தான் நம்பியிருப்பீர்கள். ராட்சசக் கை ஒன்று ஒரு மனிதனின் வாயைப் பொத்தியிருக்கிறது. விரல் இடுக்கில் ரத்தம். மேலே பயத்தில் பிதுங்கிய இரண்டு கண். கைக்குட்டை முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டதால் அது படத்தில் இல்லை.

படிக்கட்டில் இறக்கி வைத்ததும் முழக்கம் கேமராக்களைப் பார்த்தார். உடனே உயிர் திரும்பியது. என் வாயை உடைத்த கை இது, மக்களின் வாயை உடைத்த கை இது என்று தலைமாட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். இதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று இவர் நினைத்தார். ரத்தத்தைப் பார்த்தும் மயங்காமல் சமாளித்துவிட்டாரே என்று சந்தோஷம்கூடப் பட்டார்.

சாயங்காலத்துக்குள் சுவரெல்லாம் அந்தக் கை. ரத்தக் கையை வெட்டு என்று கீழே எழுதியிருந்தது. ஆளும் கட்சி தன் பங்குக்குக் கையைக் கழுவியது. அடிக்கச் சொல்லி நாங்கள் உத்தரவு போடவில்லை, காவலர் வரம்பு மீறியிருக்கிறார் என்று அறிக்கை விட்டு, அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. விசாரணை அதிகாரியிடம் அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், சட்டைக் கதை உட்பட. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கிழிகிற சட்டையைப் பற்றி எழுதினால் சபையின் மானம் போகும், உங்கள் சம்சாரத்தையும் விசாரிக்க வேண்டிவரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். படத்தில் கை தெரிகிறது, கைக்குட்டை தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மகள் போன் செய்தாள். மாமியார் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம். கொஞ்ச நேரம் வேறு என்னவோ பேசிவிட்டு, "அப்பா, நெஜமாவே நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டாள். கரப்பான் பூச்சிக்குக்கூட அம்மாவைக் கூப்பிடுகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். அவருக்கு வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, இது நெஞ்சை அறுத்தது.

முழக்கமே ஒரு நாள் கூப்பிட்டுப் பேசினார். மனசில் வைத்துக்கொள்ளாதே, கூட்டத்துக்கு ஒரு சூடு வேண்டியிருக்கிறது, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். தலைமாட்டுக்காரர் வேலையைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, நாலு பேர் கேட்க, இவர் என்னை அடிக்கவில்லை என்று சொன்னால் போதும் என்று கேட்டார். சொல்கிறேன், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார் முழக்கம். பொய் சொல்கிற எண்ணம் அப்போது அவருக்கு இருந்திருக்காது. நேரம் மட்டும் வரவே இல்லை. போகிற மேடையிலெல்லாம் அந்தக் கைக்குத்தான் கைதட்டல் விழுந்தது, கைதட்டல் விழுகிற இடத்தை எந்தப் பேச்சாளர் விடுவார்?

ஒரு கூட்டத்தில் அவர் உச்சத்துக்குப் போனார். "அந்தக் கை இன்று எங்கே இருக்கிறது? எந்தத் தெருவில், எந்த வீட்டில், நிம்மதியாகச் சோறு பிசைந்து தின்றுகொண்டிருக்கிறது?" என்று கேட்டு, பதில் வராதது போல மைக்கைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். பதிலை எதிர்பார்க்காமல் கேள்வி கேட்பது மேடை வழக்கம். கூட்டத்தில் சிலருக்குப் பதில் தெரிந்திருந்தது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். தலைமாட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். முன்னறையில் அவள் மெஷின் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோயிருந்தாள். கோஷம் கேட்டு நிமிர்வதற்குள் ஜன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்தது. இவர் ஓடிவந்தபோது மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கால் அதன் மிதியின்மேல் அழுந்திக் கிடந்தது.

இடது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கண்ணைப் பற்றிக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவள் அழவில்லை, அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை, கையால் துழாவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒழுங்கா தைச்சதுதான் தப்பாப் போச்சு" என்றாள். ஒழுங்காகத் தைப்பது தப்பு என்று யார்தான் நினைக்க முடியும்?

கல்லெறிந்த செய்தி முழக்கத்தின் கட்சிக்குக் கெட்ட பேராகத் திரும்பியது. உடனே உதவியாளரிடமிருந்து தகவல் வந்தது. ஐயாவே ஆஸ்பத்திரிக்கு நேரில் வருகிறார், எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் சொல்லி முடித்துவைக்கப்போகிறார், நீங்கள் இருந்தால் போதும். தலைமாட்டுக்காரர் அன்று பல நாள் தாடியை மழித்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மகளுக்குப் போன் செய்து, மத்தியானம் டிவியைப் பார், உன் மாமியாரையும் பார்க்கச் சொல் என்றார்.

அவர் குரலில் இருந்த அவசரத்தைப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "அவர் சொன்னா எனக்குக் கண்ணு வந்துடுமாங்க?" என்றாள்.

"பேராவது வரும்" என்றார் அவர்.

முழக்கம் வந்தார். தொண்டர் கூட்டத்தை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டு, கேமராக்களை மட்டும் உள்ளே விட்டார்கள். வெள்ளைச் சட்டை, நலுங்காத மடிப்பு. உதட்டுக் காயம் எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் ஒரு பிளாஸ்திரி இருந்தது. கட்டில் பக்கம் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாயே, உன் கண்ணில் பட்டது கல் அல்ல, என் நெஞ்சில் பட்ட வேல் என்றார். உன் இருட்டை என் கண்ணில் வாங்கிக்கொள்ள மாட்டேனா என்றார். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது, அவருக்கு அது கூப்பிட்ட குரலுக்கு வரும். அவள் கட்டுப்போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முழக்கம் எழுந்து தலைமாட்டுக்காரரின் கையைப் பற்றிக் கேமராவுக்குக் காட்டினார். "என்னை அடித்த கை இது. இதோ, இந்தக் கையை நான் பற்றுகிறேன். இவரை நான் மன்னித்துவிட்டேன்" என்றார்.

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தலைமாட்டுக்காரர் காத்திருந்தார், இனிமேல்தான் வரும் என்று நினைத்தார். கைதட்டல் ஓய்ந்தது. முழக்கம் உதவியாளரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஐயா, அடிக்கலன்னு சொல்லுங்க."

முகம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, உதடு அசையாமல் முழக்கம் சொன்னார்: "அதான் மன்னிச்சாச்சே தம்பி. அதவிடப் பெருசா என்ன வேணும்?"

"அடிக்கலன்னு."

"கேமரா ஓடுதுப்பா. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்ற சொல்லைத் தலைமாட்டுக்காரர் நிறையக் கேட்டுவிட்டார். கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. முழக்கத்தின் பின்னால் போய், குனிந்து, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, வழக்கமாகத் தூக்குவது போலத் தூக்கினார். இந்த ஆள் அந்த அறையில், அவள் படுத்திருக்கிற இடத்தில், இன்னொரு நிமிஷம் நிற்கக்கூடாது. அவர் மனசில் இருந்தது அவ்வளவுதான்.

அந்தப் பிடி பட்டதுமே முழக்கத்தின் உடம்பு தன்னால் தளர்ந்தது. தலை இவர் நெஞ்சில் வாகாக வந்து சாய்ந்தது. குதிகால் தரையில் இழுபட, வலது கை தானாக முஷ்டி கட்டி மேலே போனது. அராஜகம் ஒழிக என்று குரல் வெடித்தது. யோசித்து வந்த குரல் இல்லை, காலம் காலமாகப் பழகிய குரல். இடது கை தோளுக்குப் போய் ஓர் இழுப்பு இழுத்தது. சர்ரென்று தோள் முழுவதும் விட்டுக்கொண்டு சட்டை தொங்கியது. வராந்தாவில் நின்ற கூட்டம் ஓவென்று இரைந்தது, யாரோ விசில் அடித்தார்கள். கேமராக்கள் முட்டி மோதிக்கொண்டு பின்னாலேயே வந்தன. கதவு நிலை வந்தபோது தலைமாட்டுக்காரர் அந்தத் தலை இடிக்காதபடி தோளைச் சாய்த்துத் திரும்பினார். அதுவும் பழக்கம்தான். வராந்தாவில் பிடரி படாமல் இறக்கி வைத்தார்.

கேட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இனி கிடைக்கப்போவதும் இல்லை, ஏனென்றால் இந்தத் தடவை அவர் கைவைத்தது நிஜம். எந்த விசாரணையும் வேண்டாம், மகள் மாமியாரோடு உட்கார்ந்து நேரடியாகவே பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு அது அங்கேயே, அந்த வராந்தாவில் புரிந்துவிட்டது. நெருக்கிக்கொண்டு வந்த கூட்டத்தை ஆஸ்பத்திரிக் காவலாளிகள் தள்ளிப் பிடித்தார்கள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மனைவியின் அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போயிட்டாரா?" என்றாள்.

"போயிட்டார்."

"சொன்னாரா?"

அவர் போர்வையை இழுத்து அவள்மேல் சரியாகப் போர்த்தினார். துணி கிழிகிற சத்தம் கேட்டதே என்றாள். அவர் சட்டைதான் என்றார். தோள்பட்டையா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

"அது மொதல்ல தைச்ச சட்டை" என்றாள் அவள். "அத சரியாத்தான் தைச்சிருந்தேன்."

வெளியே கூட்டம் அந்தக் கையை வெட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவள் போர்வைமேல் துழாவி அதைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.